டோஹாவிலிருந்து ஐந்து மணித்தியாலம்

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து எனக்கு மூத்தவரான ஜெமீல் நானா வெளியே வந்தபோது, அவர் தள்ளி வந்த வண்டியில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு டிவிப் பெட்டி இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை றோட்டில் போட்டு மிதித்திருப்பேன்.

"பிளேன் எப்பவோ இறங்கிட்டு. உள்ளுக்க என்ன செஞ்ச நீங்க? எத்தின தரம் போன் எடுத்தன்!"

"இங்கத்த சிம் இல்லயேடா. டியூட்டி ஃப்ரீல ஒரே சனம். உம்மா படுத்துக்கிட்டே பாக்கட்டும் எண்டுதான்..."

"உம்மா விடியச் சுபஹோட மௌத்தாகிட்டா."

நானா பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். எனக்குத் துளி இரக்கமும் வரவில்லை. போன மாதம் உம்மாவுக்கு வருத்தம் கடுமை என்று சொன்னபோது, "பிளேன்ல ஐஞ்சு மணித்தியாலம்தானே நஸ்ரி, நினைச்சா வந்திருவன்" என்றவர் இவர். ஐந்து மணித்தியாலமாம்! கட்டுநாயக்கவோடு நாடு முடிந்துவிடுகிறது என்ற நினைப்பு. அங்கிருந்து எங்கள் குறிஞ்சாக்கேணிக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேன் ஓட்டுகிறவன் நான்.

"ஜனாஸா அடக்கம் எப்ப?"

"பின்னேரம் அஸருக்குப் பிறகு. அதுக்கு மேல வைக்க ஏலாதாம். ஏறுங்க."

குருணாகலில் வாகனங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. நானா மணிக்கூட்டைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார்.

"ஊருக்குக் கிட்ட சீனக்குடாவுக்கு பிளேன் ஒண்டும் இல்லயா?"

"இருந்தா உங்கட டிவிய ஏத்துவானா?"

"வாய மூடிட்டு ஓட்டுடா! எனக்கும் உம்மாதான்."

"நாலு வருசமா அது ஞாபகம் வரல்லயாக்கும்."

நான் வேனை விரட்டினேன். உம்மாவின் முகத்தை நானும்தான் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும். இந்த மனிசன் அதை நினைத்தும் பார்க்கவில்லை. அவர் ஏன் வருவதில்லை என்று அக்கம்பக்கத்தார் குத்திக் கேட்கும்போதெல்லாம், "அவன் கண்காணாத தூரத்தில இருக்கான், நினைச்ச உடன வர ஏலுமா?" என்று இவருக்காகச் சண்டைக்குப் போனவர் உம்மா.

கந்தளாயைத் தாண்டும்போது தங்கச்சி நப்லா எனக்குப் போன் எடுத்தாள்.

"எங்க நானா நிக்கிறீங்க? ஜனாஸாவத் தூக்கப் போறாங்க."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு!"

"சொல்லிப் பாத்துட்டன் நானா. இவ்வளவு நேரம் வச்சதே நான் அழுத அழுகைக்குத்தான்."

நாங்கள் மையவாடிக்குள் ஓடியபோது மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டோம். முகம் பார்க்க எனக்கும் கிடைக்கவில்லை, அவருக்கும் கிடைக்கவில்லை. ஒரு டிவிப் பெட்டிக்கு நின்ற நேரம்! அந்த இடத்திலேயே அவருடைய சட்டையைப் பிடித்திருப்பேன். சனம் நின்றதால் விட்டேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு, வந்தவர்கள் போய்விட்டார்கள். பெட்டியை யாரோ இறக்கி உம்மாவின் கட்டிலுக்கு எதிரே வைத்திருந்தார்கள். நானா அந்தக் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"உம்மா கடைசியா என்னப் பத்தி ஏதும் கதைச்சாவா?"

நப்லா சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கண் காட்டினாள். நான் சொன்னேன்.

"நேத்து உங்கள ஏத்த வெளிக்கிடக்குள்ள கேட்டா, டோஹாவில இருந்து வர எவ்வளவு நேரம் எண்டு. ஐஞ்சு மணித்தியாலம் எண்டன்."

"அதுக்கு?"

"'இவ்வளவு கிட்டயா இருந்தான்?' எண்டு கேட்டா."