கறுப்பு பூசச் சொன்ன கரி

அறுநூற்றுப் பன்னிரண்டு போட்டோ. ஒவ்வொன்றுக்கும் களிமண் மரத்தை ஒரு நூல் நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு என் போனில் எடுத்தது. வரிசையாக ஓட்டினால் ஒரு நிமிடத்தில் காடு சரிந்து, புதைந்து, நிலக்கரியாகிவிடும்.

ஃபேன் போட்டால் காகித இலை பறக்கும். மூன்று நாள் வேர்த்து ஊற்ற ஊற்ற எடுத்தோம், நானும் ஏழாம் வகுப்பு செவ்வந்தியும். கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அவர் பூட்ஸில் ஒட்டி வந்த தூளைச் சுரண்டி, களிமண்ணில் பிசைந்து, நிலக்கரி அடுக்கை அவளே செய்திருந்தாள். எங்கள் ஊர்ச் சுரங்கத்துக் கரியின் அசல் பழுப்பு.

அறிவியல் படப் போட்டிக்கு மறுநாள் கடைசி. தலைமையாசிரியர் சிங்காரவேல் வந்து பார்த்தார்.

"படம் பிரமாதம் டீச்சர். கரிய மட்டும் கறுப்பாக்கிடுங்க."

"நம்ம ஊர்க் கரி பழுப்புதானே சார்?"

"எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா குவார்ட்டர்ஸ்ல இருக்கேன். ஜட்ஜுங்க மெட்ராஸ்காரங்க. மண்ணுன்னு நெனச்சுடுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே அந்தப் பழுப்பில்தான் சோறு தின்கிறது. யாரோ நாலு பேர் குழம்பக்கூடாதென்று அதற்கு மை பூச வேண்டுமாம்! ஆனால் என் வாய் என்ன சொன்னது? "சரிங்க சார்." பதினைந்து வருட சர்வீஸில் நான் ஒழுங்காகக் கற்ற ஒரே பாடம்.

கடைசி நூறு படத்தை மறுபடி எடுக்க வேண்டும். செவ்வந்தியிடம் கறுப்பு பெயின்ட்டை நீட்டினேன். பூச ஆரம்பித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"பரீட்சைல நம்மூரு கரி என்னா கலர்னு கேட்டா எத எழுதறதுங்க டீச்சர்?"

"பழுப்புன்னு எழுது."

"அப்ப எதுக்குங்க கறுப்ப பூசிக்கினு இருக்கேன்?"

வெட்கமாக இருந்தது. பழைய படத்தையே பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய் சார் மேசையில் வைத்தேன்.

"பழுப்புதான் சார் போகுது. மண்ணுன்னு நெனக்கிறவங்களுக்குத்தான் இந்தப் படத்தையே எடுத்தோம்."

"பரிசு வரலேன்னா என்னைக் கேக்காதீங்க" என்று முனகியபடி படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

பெரிய கோட்டையைப் பிடித்துவிட்ட தோரணையில் திரும்பி வந்து செவ்வந்தியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஈரத்துணியால் அடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு போகவில்லை, அப்பா பூட்ஸ் தூள்தான் துணியோடு வந்தது.

"இத மொதல்லயே அவருகிட்ட சொல்லியிருக்கலாம்லங்க டீச்சர்?" என்றாள்.