மூணுல ஒண்ணு

திரைக்குப் பின்னாலிருந்து இரண்டாவது சோப்பும் கேட்டார்கள். ரூஹி அலமாரியில் கைவிட்டுத் துழாவி, உறை பிரிக்காத சிவப்பு சோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மய்யித்து உடலைக் குளிப்பாட்டும் பெரியவர், மூன்று தரம் ஊற்றியும் காதுக்குப் பின்னால் எண்ணெய்க் கசடு போகவில்லை, ஐந்தாக்கிவிடலாம் என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் அத்தா லியாகத் அலி, எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் டாங்கு கழுவும் கான்ட்ராக்ட் ஆள். நேற்றுப் பகல் டாங்குக்குள் மூச்சடைத்துப் போய்விட்டார். இன்று மதியம்தான் ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுத்தார்கள். தினமும் வேலை முடிந்ததும் அங்கேயே குளித்துவிட்டு, சோப்பு மணக்க ஆறு மணிக்கு வீடு வருகிற மனுஷன். தண்டையார்பேட்டைச் சந்தில் இப்படியொரு சுத்தக்காரரா என்று அம்மா ஜன்னத்துக்குக் கொள்ளைப் பெருமை.

இரண்டு வாரம் முன்பு, எங்கோ டாங்குக்குள் இருவர் செத்ததை டிவியில் பார்த்துவிட்டு ஜன்னத் தட்டை ஒதுக்கிவைத்தாள். எங்கள் ஆறு பேர் பெயரையும் தினமும் சீட்டில் எழுதி டப்பாவில் குலுக்கி, இரண்டு பேரைத்தான் உள்ளே இறக்குவார்கள், பயப்படாதே என்றார் அத்தா. பிளஸ் ஒன் படிக்கும் ரூஹி அப்போது சேர்வுகள் கணக்கில்தான் இருந்தாள். ஆறு பேரில் இருவரைத் தேர்ந்தெடுக்கப் பதினைந்து வழி. அத்தா இருக்கும் ஜோடி ஐந்து. மூணுல ஒண்ணுதாம்மா என்று அவள் சொன்ன பிறகுதான் ஜன்னத் சோற்றில் கை வைத்தாள்.

அப்புறம் அதுவே வீட்டு விளையாட்டாகிப் போனது. செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்கும் சீட்டு வரவில்லை என்பார். இவள் முந்தின நாள் விடையை இன்னொரு முறை மூன்றில் இரண்டால் பெருக்குவாள். பதினோராம் நாள், ஒரு தரம்கூடச் சீட்டு வராமலிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றாகச் சுருங்கியது. நம்ப முடியாத விடை வந்தால் கேள்வியைத் திரும்பப் படி என்று கணக்கு எடுக்கும் சங்கமித்ரா மிஸ் தலைபாடாக அடித்துக்கொள்வார். ரூஹி திரும்பப் படிக்கவில்லை. உனக்குச் செம லக்கு அத்தா என்று சிரித்தாள். அவரும் சிரித்தார்.

தண்ணீர் எடுக்க வாசலுக்கு வந்தாள். டிரம்மருகே அத்தாவோடு வேலை செய்யும் அருள்பிரகாசம் நின்றிருந்தார்.

"மாமா, நேத்து சீட்டு யார் எடுத்தாங்க?"

"இன்னா சீட்டு பாப்பா?"

டப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"அப்டிலாம் ஒண்ணும் இல்ல பாப்பா. டாங்கு வாய் சின்னது, பாய்தான் ஒல்லி. ரெண்டு வருசமா டெய்லி பாய்தான் எறங்கிகினு இருந்தாரு. ஏறி வந்து சோப்பு போட்டுத் தேய்ப்பாரு பாரு, அந்த நாத்தம் வூட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு. கவுறு நான்தான் புடிச்சிகினு இருந்தேன்."

அவர் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். பாவி மனுஷன் பொருத்தமாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பதினொரு நாள் மட்டும்தான் பொருந்தவில்லை. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் ரூஹி. கணக்கு அவள் கண்ணெதிரே சொல்லிக்கொண்டே இருந்தது, அவள்தான் காதில் வாங்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்று இருந்திருப்பாரோ என்று நினைத்தாள். குடத்தை நிரப்பித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

பெண்களுக்கு நடுவில் இருந்த ஜன்னத் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மூணுல ஒண்ணுன்னுதானே சொன்னே? மீதி ரெண்டு எங்கடி போச்சு?"

வாசலில் அருள்பிரகாசம் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொன்னால், அந்த ஆறு மணி வாசனையெல்லாம் என்னவென்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

"நேத்து சீட்டு அத்தா பேருக்கு வந்துடுச்சும்மா."

ஜன்னத் மெல்லத் தலையாட்டினாள். அல்லாஹ்வின் நாட்டம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

திரைக்குப் பின்னால் ஐந்தாவது முறையாகத் தண்ணீர் ஊற்றினார்கள். சோப்பு வாசனை வீட்டுக்குள் பரவியது. ஜன்னத் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.