விஜயதசமியில் ஏறிய விண்டோஸ்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் 98தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொடுத்த நிறுவனம் புதிய பாடத்தொகுப்பு ஒன்றை அனுப்பியது. திங்கட்கிழமை வந்து பார்ப்பார்களாம். பாடம் ஓடவில்லையென்றால் மெஷினை பெல்மதுளை டவுனுக்கு மாற்றிவிடுவார்களாம். அந்தப் பாடமோ எக்ஸ்பியில்தான் ஓடும். ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு அவசர அவசரமாக வந்து என்னிடம் படிக்கிற பெண்பிள்ளைகள் பஸ் பிடித்து டவுனுக்கா போவார்கள்? வீட்டில்தான் விடுவார்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொழிற்சங்கத் தலைவர் கன்னையா வேண்டவே வேண்டாம் என்றார். பழைய மெஷின், மாற்றப்போய் ஒரேயடியாக நின்றுவிட்டால் என்ன செய்வது, வருகிறவர்களிடம் கெஞ்சிப் பார்ப்போம் என்பது அவர் கட்சி. கெஞ்சுவதெல்லாம் எனக்கு ஆகாது. டவுனில் கடை வைத்திருக்கும் மர்சூக்கிடம் மெஷினைக் கொண்டுபோய் மெமரியைக் கூட்டினேன். எக்ஸ்பி சீடியும் வாங்கிக்கொண்டேன். மெஷின் தாங்கும் என்று அவர் சொன்னார். அது போதும் எனக்கு.

சரஸ்வதி பூசையில் சீடியையும் படத்துக்கு முன்னால் வைத்தோம். மறுநாள் விஜயதசமி. எல்லோரும் சுற்றி நிற்க, பழையதை முழுதாக அழித்துவிட்டு எக்ஸ்பியை ஏற்ற ஆரம்பித்தேன். பாதியில் நின்றது. ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று நீலத்திரையில் வெள்ளை எழுத்து. எண்டரைத் தட்டினேன், மறுபடியும் அதேதான்.

"நாந்தான் அப்பவே சொன்னேனே டீச்சர், ஓடுறத நோண்டாதீங்கன்னு," என்றார் கன்னையா.

பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

சீடியை வெளியே எடுத்தேன். பளபளக்கிற பக்கத்தின் ஓரத்தில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம்! பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் கருப்பாயி அக்காவைத் திரும்பி ஒரு முறை முறைத்தேன்.

"எழுத்து மேல படக்கூடாதுல்ல டீச்சர், சரஸ்வதியாச்சே. அதான் எழுத்தில்லாத பக்கமாப் பாத்து வச்சேன்."

எழுத்து முழுக்க அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கத்த வாயெடுத்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஈரத்துணியால் பதமாகத் துடைத்து உள்ளே தள்ளி, எண்டரைத் தட்டினேன். நகர்ந்தது. நிற்காமல் நகர்ந்தது. கடைசியில் திரையில் எக்ஸ்பியின் பச்சைப் புல்மேடும் நீல வானமும் விரிந்தபோது காம்பராவே கைதட்டியது. இவ்வளவு நல்ல மேட்டில் நாலு ரப்பர் கன்றாவது நட்டிருக்கலாமே என்று கன்னையா குறைப்பட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை நிறுவனத்து ஆள் வேனில் வந்தார், மெஷினைக் கட்டிக்கொண்டுபோக அட்டைப்பெட்டி சகிதம். என் பிள்ளைகளில் ஒருத்தி, துஷ்யந்தி, பால்வெட்டிய சட்டையோடு வந்து உட்கார்ந்து, முதல் பாடத்தைத் திறந்து, ஒரு பிழை விடாமல் முடித்துக் காட்டினாள். சரி, இங்கேயே இருக்கட்டும் என்று அவர் சிங்களத்தில் சொன்னார்.

அவர் மனம் மாறுவதற்குள் அந்த வெறும்பெட்டியை நானே தூக்கிப்போய் வேனில் போட்டுக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்தால், துஷ்யந்தி என்னைக் கேட்காமலே இரண்டாம் பாடத்தைத் திறந்துவைத்திருந்தாள்.