சீட்டு அடிக்காத எடை மேடை

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததுமே முத்துலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது, யாரோ கைவைத்திருக்கிறார்கள். திரையில் வழக்கமாக இருக்கும் புல்வெளியைக் காணோம். என்னவோ ஊதா நிறமாக இருந்தது. எடைச் சீட்டு அடிக்கிற புரோகிராமின் தராசுப் படம் இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது.

மேலகரம் தாண்டி குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது அந்த லாரி எடை மேடை. முதலாளி முகம்மது கனி பாய் இருபது வருஷம் அரபு நாட்டில், தம்மாமில் இருந்துவிட்டு வந்து போட்டது. ஆறு வருஷமாக மேசையில் உட்கார்ந்து சீட்டு அடித்துக் கொடுப்பவள் முத்துலட்சுமி.

"மொதலாளி, நம்ம கம்ப்யூட்டர்ல யாரு கைவச்சா?"

"நம்ம பய முஃபீதுதான். லீவு முடிஞ்சு போறதுக்கு முன்னால சரி பண்ணிட்டுப் போறேன்னான். வைரஸ் வைரஸ்னு நீதான பொலம்புவே? விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸுன்னு ஒண்ணு போட்டிருக்கான். இனி நம்ம வாசலுக்கே வைரஸ் வராதாம்."

"அது சரி. சீட்டு அடிக்கிற புரோகிராம் எங்க?"

"அதெல்லாம் அடிக்குது. நேத்து என் கண்ணு முன்னாடி கரகரன்னு ஒரு பக்கம் வந்துச்சே."

அந்தப் பக்கம் மேசைமேல்தான் கிடந்தது. பிரிண்டர் ஓடுகிறது என்று காட்ட அடிக்கிற சோதனைப் பக்கம். அப்பனும் மகனும் அதையே எடைச் சீட்டாக நினைத்துச் சந்தோஷப்பட்டு, விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று திருவனந்தபுரத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் லீவு. கேட்பதற்கு ஆளில்லை.

மேடையில் லாரி ஏறினால் மேசைமேல் இருக்கிற இரும்புப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் எடை ஓடும். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஆனால் அதை வாங்கி, நம்பர் போட்டு, நேரம் போட்டுச் சீட்டாக அடிப்பது அந்தப் புரோகிராம்தான். கையால் எழுதிய சீட்டை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒருத்தரும் வாங்குவதில்லை. பழைய ஃபைல்களையெல்லாம் முஃபீது ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தான். புரோகிராமும் அதில் இருந்தது. தட்டினால்தான் திறக்கவில்லை. எழுதிக் கொடுத்த கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது.

கனி பாய் யோசித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. உடனே திருநெல்வேலியில் ஒரு ஏஜெண்டுக்குப் போன் போட்டார். பேசி முடித்தபோது முகத்தில் தெளிச்சி வந்திருந்தது.

"புதுசா ஒண்ணு வந்திருக்காம். கேமரா வச்சது. டிரைவரே எறங்கி வந்து பட்டன அமுக்குனா சீட்டு வந்து விழுமாம். ஆளே வேண்டாங்கான். பதினஞ்சு நாள்ல மாட்டித் தந்திருவானாம்."

"அப்ப நான்?"

"அதுவரைக்கும் வீட்ல இரி. பொறவு பாப்போம்."

கனி பாய் கெட்டவர் இல்லை. ஆனால் 'பொறவு பாப்போம்' என்று சொன்ன எவரும் பிறகு பார்த்ததை முத்துலட்சுமி கண்டதில்லை. இந்த நாற்காலி போனால் அடுத்தது செங்கல் சூளைதான். தலையில் பன்னிரண்டு கல்லோடு பலகையில் ஏறி இறங்குவது எப்படி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கழுத்து போகும், அவ்வளவுதான்.

செல்லை எடுத்து முஃபீதுக்கு வாய்ஸ் அனுப்பினாள். "தம்பி, நல்லாருக்கீங்களா? நீங்க சரி பண்ணிட்டுப் போனதுல எனக்கு வேல போகப்போவுது. கொஞ்சம் கூப்பிடுங்க."

பதினோரு மணிக்கு பென்னியின் வைக்கோல் லாரி வந்தது. புனலூர்க்காரன். மாட்டுப் பண்ணைக்கு வாரம் ரெண்டு லோடு ஏற்றிப் போகிறவன். ஏற்றிவிட்ட பாண்டியராஜும் இன்னும் ஐந்து லோடுமேன்களும் கூடவே வந்து இறங்கிக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகிற வேன்கள் வரிசையாக ஹார்ன் அடித்தபடி ஊர்ந்தன.

"சேச்சி, சீட்டு கிட்டுமோ?"

"கொஞ்சம் ஓரமா போட்டு நில்லு பென்னி."

"நிக்கலாம். வைக்கோல் நனையுது பாத்துக்கோ. நிக்க நிக்க எடை ஏறும்."

பன்னிரண்டு மணிக்கு முஃபீது கூப்பிட்டான். அவன் வேலை பார்க்கிற அரபு நாட்டில் அது காலைச் சாயா நேரம்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. வாப்பாட்ட கேட்டேன், சீட்டு அடிச்சா போதும்னாங்க."

"அடிச்சது பேயடிச்ச சீட்டு. இப்ப என்ன வழி? அதச் சொல்லுங்க."

"வழி இருக்கு. விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டுறதுக்குன்னே ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரு வைன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பாண்டியராஜ் வாயெல்லாம் பல்லானான். "பாய் எடத்துல வைனா? வெளங்கும்!"

"ஏலே, நீ வாய மூடிக்கிட்டு நில்லு" என்றார் கனி பாய்.

முத்துலட்சுமி தன் செல்லிலிருந்தே கம்ப்யூட்டருக்கு நெட் கொடுத்தாள். முஃபீது சொல்லச் சொல்லக் கறுப்புத் திரையைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது.

"என் மவ பேருதான். அஃப்ஷான். எல்லாம் சின்ன எழுத்து."

"ஒண்ணும் விழல தம்பி. கீபோர்டு செத்துட்டு போல."

"விழாதுக்கா. யாரும் பாத்துரக் கூடாதுன்னுதான். நீங்கபாட்டுக்கு அடிச்சு எண்டர் தட்டுங்க."

தட்டினாள். கறுப்புத் திரையில் வரிவரியாக என்னென்னவோ ஓடியது. கால் மணி நேரம் ஓடியது. ஓடி நின்றதும் ஃபோல்டருக்குள் போய்ப் புரோகிராமைத் தட்டினாள். இரண்டு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தப் பழைய பச்சைக் கட்டம், அதே கோணல் எழுத்துகளோடு, வந்து நின்றது.

"வந்துட்டு!" என்று கனி பாயே கத்திவிட்டார். ஏஜெண்டு போனை மறந்துபோய் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

பென்னி லாரியை மேடையில் ஏற்றினான். இரும்புப் பெட்டியில் சிவப்பாக 6,480. கம்ப்யூட்டரில் வெறும் சைபர்.

"பெட்டியிலேருந்து வர்ற கேபிளை அதுக்குத் தெரியல" என்றான் முஃபீது. "முன்னால எந்த நம்பர்ல இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும்..."

"காம் மூணு."

"எப்படிக்கா தெரியும்?"

"வேற ஓட்டைல சொருகுனா நாலாயிரும், எடை வராது. கூட்டிப் பெருக்குறப்பல்லாம் அந்த வயரு பிடுங்கிரும், நாந்தான சொருகணும்."

அதற்கும் ஒரு வரி அடித்தாள். சைபர். முஃபீது எங்கேயோ தேடிப் படித்துவிட்டு வந்தான். அந்தக் கேபிளை எல்லாரும் தொட முடியாதாம். தொடலாம் என்கிறவர்களுக்கு ஒரு பேர்ப்பட்டியல் இருக்கிறதாம். அதில் இந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற ஆளின் பேரைச் சேர்க்க ஒரு வரி. அடித்தாள். சேர்ந்துவிட்டது என்றே காட்டியது. புரோகிராமை மூடித் திறந்தாள். சைபர்.

"அக்கா, எனக்கும் புரியல. இங்கன சூப்பர்வைசர் வந்துட்டான். வாப்பாட்ட அந்தப் புதுசையே வாங்கிக்கிடச் சொல்லிருங்க. மன்னிச்சுக்கிடுங்க அக்கா."

போன் நின்றது. பின்னால் இரண்டு ஜல்லி லாரிகள் வந்து சத்தம் போட்டதால் பென்னி வண்டியை இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டான். ஜல்லிக்காரர்கள் சீட்டு இல்லை என்று கேட்டதும் இலஞ்சிப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்கள். கனி பாய் அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செல்லில் ஏஜெண்டு நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

முத்துலட்சுமி திரையையே பார்த்தாள். பேர் சேர்ந்தாகிவிட்டது. ஆனாலும் விடமாட்டேன் என்கிறது.

இதை அவள் பார்த்திருக்கிறாள். பண்பொழி சூளையில், பதினாலு வயதில். காலையில் அம்மா முருகம்மாளோடு உள்ளே நுழைந்துவிட்டாள். மேஸ்திரி நல்லதம்பி அவள் பேரைப் பட்டியலில் ஏற்றியது பத்து மணிக்குத்தான். மத்தியானம் சோற்று டோக்கன் கேட்டால், இல்லை என்றுவிட்டான். பேர் இருக்கே என்றாள். பேர் இருக்கு, ஆனா டோக்கன் உள்ள நுழையுறப்ப வாசல் கேட்டுல வச்சுத்தான் கொடுப்பேன், நீ பேர் ஏறுறதுக்கு முன்னாலயே உள்ள வந்தவ என்றான். அழுது பிரயோஜனமில்லை. சுற்றிப் போய்க் கேட்டுக்கு வெளியே நின்று, மறுபடி உள்ளே நடந்து வந்தாள். டோக்கன் கொடுத்தான்.

இந்தக் கம்ப்யூட்டருக்குள் அவள் நுழைந்தது காலை ஒன்பது மணிக்கு. பேர் ஏறியது இப்போது.

மூலையில் தேடி, வெளியேறு என்பதைத் தட்டினாள். எல்லாம் மறைந்து திரை ஊதாவாக நின்றது.

"ஏ பிள்ள, என்னத்த அணைச்சே?" கனி பாய் காதிலிருந்து போனை எடுத்துவிட்டார். "இருந்ததும் போச்சா?"

"வெளிய போய்ட்டு உள்ள வாரேன் மொதலாளி."

"யாரு?"

அவள் அஃப்ஷான் என்று அடித்து உள்ளே வந்தாள். புரோகிராமைத் திறந்தாள். சைபர்தான் இருந்தது. ஆனால் மேடையும் காலி. இரும்புப் பெட்டியிலும் சைபர். இது உயிருள்ள சைபரா, செத்த சைபரா?

"ஏலே பாண்டியராஜ், எல்லாரும் மேடைல ஏறுங்க!"

"எதுக்குக்கா, எங்களக் கேரளாவுக்கு ஏத்திவிடவா?"

"ஏறுலே சொல்லுதேன்."

ஆறு பேரும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சாரலில் ஓடிப்போய் இரும்புத் தகட்டின் நடுவில் நின்றார்கள். பெட்டியில் சிவப்பு எழுத்து நடுங்கி, 370 என்று நின்றது. கம்ப்யூட்டரில் சைபர் துடித்தது. அப்புறம் 370.

முத்துலட்சுமி மூச்சு விட்டாள். "இப்ப ஒருத்தன் மட்டும் எறங்கு!"

பாண்டியராஜ் குதித்தான். 310. திரையிலும் 310.

"நான் அறுவதா? நாப்பது கிலோ கட்ட சொமக்கிறவன், அறுவது கிலோவுக்கு என்ன கொறச்சல்" என்றவன் கனி பாயைப் பார்த்தான். "பாய், நீங்களும் ஒருக்க ஏறிப் பாருங்க. மெசினு தாங்குமான்னு தெரிஞ்சுக்கிடலாம்."

கனி பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெய்யாகவே போய் ஏறினார். 400. கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு இறங்கி வந்து, போனை எடுத்து ஏஜெண்டிடம், "இப்ப வேண்டாம்யா, சீசன் முடியட்டும். பொறவு பாப்போம்" என்றார்.

அந்தச் சொல் இப்படிக் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

பென்னியின் லாரி மறுபடி ஏறியது. 6,520. பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் துப்பியது. பென்னி அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"சேச்சி, நாப்பது கிலோ வெள்ளம் ஏறியிருக்கு. பண்ணைக்காரன் என்னைக் கொல்லும்."

"சாரல நானா கூப்பிட்டேன்? தார்ப்பாயக் கட்டிட்டு வந்திருக்கணும். போ, நல்லபடியாப் போய்ச் சேரு."

நாலு மணிக்குக் கூட்டம் குறைந்தது. முத்துலட்சுமி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மத்தியானம் அடித்த வரிகளை ஒவ்வொன்றாக, கறுப்புத் திரையை மறுபடி திறந்து மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பார்த்து எழுதினாள். புள்ளி, கோடு ஒன்றுவிடாமல். கடைசியில் வெளியே போய் உள்ளே வர வேண்டும் என்பதையும் எழுதினாள்.

"நல்ல காரியம் செஞ்சே" என்றார் கனி பாய். "அத அப்படியே மேசைப் பக்கம் செவுத்துல ஒட்டி வச்சிரு. யாருக்கும் உதவும்."

"ஒட்டுனா சாரல்ல நனைஞ்சிரும் மொதலாளி."

தாளை நான்காக மடித்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். வெளியே அடுத்த லாரி மேடை ஏறிக்கொண்டிருந்தது.

"வண்டி நம்பர் சொல்லு அண்ணாச்சி" என்றாள்.