மலை பார்க்க வந்தவர்கள்

எங்கள் ஊர் அழகானது என்று எங்களுக்கே சொன்னவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். கார்வெலில் பிறந்தவர்களுக்கு ஊர் என்றால் காற்று, பாதி வருடம் பனி, மூடிக்கிடக்கும் மர ஆலை. மொன்டானா மாநிலத்திலேயே பாதிப் பேருக்கு எங்களைத் தெரியாது. அப்படியே விட்டிருக்கலாம்.

போன நவம்பரில் வண்டிபோல் இழுத்து வந்து நிறுத்திய எங்கள் டிரெய்லர் வீட்டுக்கு எதிரே பளபளவென்று ஒரு கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. பள்ளத்தில் கிடக்கும் காரைத் தாண்டிப் போகிறவனை இங்கே யாரும் மனுஷனாக மதிப்பதில்லை. அம்மா லவோன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். டிரக்கில் சங்கிலியை மாட்டி இழுத்து விட்டாள். அதோடு விட்டாளா? காபிக்கும் கூப்பிட்டாள்.

கிரெக், மெரிடித். சான் பிரான்சிஸ்கோ ஜோடி. அப்பா செய்த மரப்படிக்கட்டில் கோப்பையோடு உட்கார்ந்தார்கள். எதிரே மலை முழுக்கச் சாயங்கால வெளிச்சம்.

"லவோன், தினமும் இதையா பாக்கறீங்க? எங்க ஜன்னல்ல தெரியறது எதிர்வீட்டு ஏசி பெட்டி!" மெரிடித்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"மலை எங்க ஓடிடப் போகுது? எப்ப வேணா வாங்க."

வந்தார்கள்.

டிரெய்லர் நின்ற நிலம் ஹால்வர்சன் கிழவருடையது. அப்பா செத்த வருடம், "நீ இருக்கறவரைக்கும் இரு லவோன்" என்று அம்மாவின் கையைக் குலுக்கினார். குலுக்கிய பிறகு எழுதிக் கேட்பது இங்கே அவரை முகத்தில் அறைவது மாதிரி. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எழுதி வாங்கு என்று கத்தினேன்.

"காலேஜ்காரிக்கு மரியாதை மறந்துபோச்சு" என்று சிரித்தாள்.

குளிர் முடிவதற்குள் கிழவர் போய்விட்டார். மகன் நிலத்தை விற்றான். வாங்கியவர்களே ஒயின் பாட்டிலோடு சேதி சொல்ல வந்தார்கள்.

"உங்களாலதான் இங்க வரணும்னே தோணுச்சு. எவ்ளோ நல்ல ஜனங்க!" என்றான் கிரெக். "அவசரமில்ல, ஜூன் வரைக்கும் இருங்க."

"அப்புறம் எங்க போறது?" என்றேன்.

"டிரெய்லர்தானே? சக்கரம் இருக்குமே."

சக்கரம் துருப்பிடித்துக் கழன்று எத்தனையோ வருடமாகிறது. நகர்த்தினால் வீடு நொறுங்கிவிடும். வாடகைக்குப் போகலாமென்றால், ஊரில் காலியான வீடெல்லாம் விடுமுறை விருந்தாளிகளுக்கு. அம்மா துடைத்துப் பிழைப்பதே அந்த வீடுகளைத்தான். இதையெல்லாம் சொன்னேன், கெட்ட வார்த்தைகளோடு.

மெரிடித் கொஞ்சம் தயங்கினாள். "லவோன், தப்பா நினைக்காதீங்க. அந்தப் படிக்கட்ட மட்டும் விட்டுட்டுப் போவீங்களா?"

அம்மா சரியென்று தலையாட்டினாள்.

ஜூனில் டிரெய்லரை இடித்து அள்ளிப் போனார்கள். பில்லிங்ஸ் நகரில் சித்தி வீட்டு நிலவறைக்குச் சாமானோடு கிளம்பினோம். மழை. முதல் வளைவிலேயே அதே கார், பாதிச் சக்கரம் சேற்றுக்குள். கிரெக் சந்தோஷமாகக் கையாட்டினான்.

"நிறுத்தாதம்மா. சத்தியமா நிறுத்தாத."

நிறுத்தினாள்.

"லூசா நீ? நம்ம வீட்டையே புடுங்கினவங்க!"

"தெரியும்டி. சங்கிலி நம்மகிட்டதானே இருக்கு. எறங்கு."

இறங்கினேன். சேற்றில் மண்டியிட்டுக் கொக்கியை மாட்டியது நான்தான். கார் வெளியே வந்ததும் மெரிடித் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"இதுக்காகத்தான் லவோன்! இதுக்காகத்தான் இங்க வந்தோம்!"

அம்மா சங்கிலியைச் சுருட்டி டிரக்கின் பின்னால் சாமான் மேலேயே போட்டாள். எங்கள் மெத்தையெல்லாம் சேறு.