தலை தப்பினால் போதும்

அத்தை வீட்டில் இருப்பது நான்கு நாற்காலிகள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் போனபோது ஏழு கிடந்தன. மூன்றை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கேட்டு வாங்கி, துடைத்து, டிவிக்கு நேராக இரண்டு வரிசையாகப் போட்டிருந்தாள். தையல்காரம்மா வந்தாயிற்று, அவள் மகளும் மருமகனும் வந்தாயிற்று, அத்தை முன்பு வேலை பார்த்த பல் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் ஒருத்தி கணவனோடு வந்தாயிற்று. என்னைக் கண்டதும் அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள். "இவன்தான் எங்க அண்ணன் பையன். இந்த டிவிடி மொத்தமும் இவன் கைபட்டுதான் வந்திருக்கு" என்றாள். அதை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது நானில்லை. ஆறு வாரமாக இன்னும் வரவில்லை, பெட்டி அச்சாகவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டாள்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் வாராவாரம் வந்த தொடர் அது. ஒரு பெரிய வீடு, அதில் ஒரு எஜமானி, மூன்று மகன்கள், ஓயாத சண்டை. அத்தை அந்த வீட்டு வேலைக்காரி. ஐம்பத்திரண்டு வாரமும் வந்தாள். வந்து தரையில் உட்கார்ந்து துணி மடிப்பாள், "சரிங்கம்மா" என்பாள், அவ்வளவுதான். பள்ளியில் எனக்குப் பட்டப்பெயரே 'சரிங்கம்மா' ஆகிவிட்டது. வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டால் பின்பெஞ்சிலிருந்து எவனாவது முந்திக்கொண்டு அதைச் சொல்வான், வகுப்பே சிரிக்கும். எனக்கு அவன்கள் மேல் கோபம் வரவில்லை, அத்தை மேல்தான் வந்தது. நடிக்கிறதுதான் நடிக்கிறாள், ஒரு டாக்டராக நடித்துத் தொலைத்தால் என்ன? முப்பத்தொன்றாம் வாரம் மட்டும் அவளுக்கு ஒரு காட்சி கொடுத்தார்கள். எஜமானியின் வளையல் காணாமல் போகிறது. எஜமானி எதிரே நின்றுகொண்டு, நீதானே எடுத்தாய் என்கிறாள். அத்தை தரையில் உட்கார்ந்தபடியே, மடிப்பதை நிறுத்தாமல், மூன்று நிமிடம் பதில் சொல்கிறாள். அதற்குப் பிறகு யாரும் அவளை நடிக்கக் கூப்பிடவில்லை. பல் மருத்துவமனையில் சீட்டு எழுதப் போய்விட்டாள். அந்த மூன்று நிமிடத்தை அவளே ஒளிபரப்பான அன்று ஒரு தடவை பார்த்ததோடு சரி.

நான் வேலை பார்க்கும் இடத்தில் பழைய தொடர்களை டிவிடிக்கு மாற்றுகிறோம். பழைய டிவிப் படம் கிட்டத்தட்டச் சதுரம், இப்போதைய டிவி அகலம். அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். காசு கொடுத்து வாங்கினவன் பாதி டிவிக்குத்தான் படம் வருகிறது என்று சண்டைக்கு வருவான். அதனால் திரை நிறையும்வரை படத்தைப் பெரிதாக்கி, உயரத்தில் நாலில் ஒரு பங்கை வெட்டி எறிந்துவிடுவோம். எங்கே வெட்டுவது என்பதற்கு மேலாளர் வைத்திருந்தது ஒரே விதி: தலை தப்பினால் போதும். நிற்கிறவர்கள் தலை உள்ளே இருக்க வேண்டும், கீழே போவதெல்லாம் போகட்டும். எஜமானிக்கு உச்சந்தலையில் பெரிய கொண்டை. அந்தக் கொண்டைக்கு அளவெடுத்து, வெட்டும் சட்டத்தை நிறுத்தி, ஐம்பத்திரண்டு வாரத்துக்கும் அதையே பூட்டினேன். கீழேயும் ஒரு தலை இருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

பார்த்தேன். பார்த்ததால்தான் மேலாளரிடம் போனேன். முப்பத்தொன்றாம் வாரத்துக்கு மட்டும் சட்டத்தைக் கொஞ்சம் கீழே இறக்கட்டுமா, அரை நாள் வேலைதான் என்றேன். அவர் என் மேசைக்கு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா இது? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

பக்கத்து மேசைகளில் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் வாய்க்கு வாய் கிண்டல் பேசுகிறவர்கள். பின்பெஞ்சுக் குரல் என் காதில் கேட்டது.

"இல்ல சார்" என்றேன்.

"அப்புறம் என்ன? அப்படியே விட்டுடு."

விட்டுவிட்டேன். பெற்றவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போக, பள்ளி விட்டதும் எனக்குச் சாப்பாடு போட்டு, வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்து, காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளையைத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

எல்லோரும் உட்கார்ந்ததும் நேராக முப்பத்தொன்றாம் வாரத்தைப் போடச் சொன்னாள் அத்தை. எஜமானி வந்து நின்றாள், கொண்டை முழுசாக இருந்தது. கீழ் விளிம்பில் ஒரு நடுவகிடு தெரிந்தது. அதற்குக் கீழே நெற்றியில் கால்வாசி. அத்தையின் குரல் பேச ஆரம்பித்தது. வகிடு இப்படியும் அப்படியும் அசைந்தது. மூன்று நிமிடமும் எஜமானி கேட்டுக்கொண்டு நிற்பதைத்தான் ஏழு நாற்காலியும் பார்த்தோம். ஒரே ஒரு தடவை, மடித்த துணியை நீட்டும் ஒரு கை கீழேயிருந்து மேலே வந்துவிட்டுப் போனது. "அது உங்க கைதானே?" என்று நர்ஸ் கேட்டாள். அத்தை தலையை ஆட்டினாள். தையல்காரம்மா, குரல் நல்லா கணீர்னு இருக்கு என்றாள். முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் ரிமோட்டில் இருக்கும் எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பெயர்கள் வந்தன. நடிகர்களின் பட்டியலில் அத்தை பெயர் கடைசி வரி, அதனால் அதுவும் வெட்டில் போயிருந்தது. அதற்குப் பின்னால் நாங்கள் புதிதாகச் சேர்த்த பக்கம். திரைக்கு நட்டநடுவில் என் பெயர் வந்தது, ஒரு புள்ளி குறையவில்லை. அத்தைதான் முதலில் கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு மூன்று நாற்காலிகளையும் எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அத்தை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பவே கேமராக்காரர் தலைபாடா அடிச்சுக்கிட்டார்டா. நிமிர்ந்து உக்காரும்மா, நிமிர்ந்து உக்காரும்மான்னு. எனக்கு எஜமானியா நடிச்ச அம்மாவப் பாத்தா பயம். கூனிட்டேன் போல. என் தப்புதான்."

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய்வரை வந்தது. எங்கே ஆரம்பிப்பது, கறுப்புப் பட்டையிலிருந்தா, 'இல்ல சார்' என்றதிலிருந்தா? அதற்குள், "இன்னொரு வாட்டி போடு" என்றாள். போட்டேன். கொண்டை வந்து நின்றது.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லணும்."

"உஷ். இருடா, இப்ப நான் பேசுவேன்."

கீழ் விளிம்பில் வகிடு வந்தது. அத்தை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். முதுகை நிமிர்த்தி, மோவாயை உயர்த்தி, கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி உட்கார்ந்தாள்.