சீப்பைத் தொடாத எட்டு நாள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று ஜோதிலட்சுமி மேடம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது இரண்டு காதும் கொதித்தன. கவருக்குள் ஒரு முடி. நகத்தளவுதான் இருக்கும், அதற்குள்ளேயே இரண்டு சுருள்.

“யாரோடதுன்னு கேக்கணுமா, ஜெனி?”

கேட்க வேண்டியதில்லை. எங்கள் ஃபில்லிங் ரூமில் பதினான்கு பெண்கள். பதின்மூன்று பேருக்கு நேர் முடி. அவர்கள் முடி விழுந்தால் அது யாரோ ஒருத்தியின் முடி. என் முடி மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு விழுகிறது.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மசாலாப் பொடி கம்பெனியில் எனக்கு வேலை. மிளகாய்த்தூள், சாம்பார் பொடி, கறி மசாலா எல்லாம் பாக்கெட்டில் அடைக்கிற இடம்தான் ஃபில்லிங் ரூம். மேடம்தான் குவாலிட்டி ஆபீசர். ஒரு முடி கிடைத்தால் ஒரு மஞ்சள் கார்டு. மாதத்தில் மூன்று கார்டு ஆனால் ஃபில்லிங் ரூமை மறந்துவிட்டுக் குடோனில் அட்டைப் பெட்டி ஒட்டப் போக வேண்டும். ஆறாம் தேதி ஒன்று வாங்கினேன். இது இருபதாம் தேதி, இரண்டாவது.

வேறு மாதமாக இருந்தால் இவ்வளவு எரிந்திருக்க மாட்டேன். லைன் லீடராக இருந்த ஜானகியம்மாள் போன மாதம் ரிட்டையர் ஆகிவிட்டார். மெஷினின் பச்சைப் பட்டனை அழுத்தி லைனை ஓட விடுகிற உரிமை லீடருக்கு மட்டும்தான். இப்போதைக்கு மேடமே வந்து அழுத்திவிட்டுப் போகிறார். அந்த இடம் எனக்கு வேண்டும். ஆறு வருடமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிறேன்; பாக்கெட் வாயை ஒட்டுகிற சீலிங் பட்டை சூடேறாவிட்டால் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். ஆசையை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. மேடத்திடம் நேராகவே கேட்டிருந்தேன்.

“இன்னொரு கார்டு வாங்காம இந்த மாசத்த முடிச்சீன்னா உன் பேரு இருக்கும். வாங்கினா குடோன்தான், நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் மேடம். பிறகு குரலைத் தணித்து, “தேரடிகிட்ட ஒரு பார்லர் இருக்கு. ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிக்கோயேன். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி” என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

என் முடி முன்பு இடுப்பு வரை இருந்தது. நீளமாக இருந்தவரை அதன் எடையே அதை அடக்கி வைத்திருந்தது. இறுக்கிப் பின்னித் தொப்பிக்குள் சுருட்டி வைத்தால் சத்தம் போடாமல் கிடக்கும். போன வருடம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தால் வேளாங்கண்ணிக்கு மொட்டை என்று நேர்ந்துகொண்டது அம்மா. கொடுத்தது என் தலை. கடம்பத்தூரில் எங்கள் தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தாயிற்று. பத்து மாதத்தில் நாலு விரல் வளர்ந்திருக்கிறது. பின்ன நீளம் போதாது, படியச் சொன்னால் கேட்காது. ஒவ்வொரு முடியும் தனிக் கட்சி. தொப்பியின் எலாஸ்டிக்கை நெற்றியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும். கிளிப், ஹேர்பின் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது; பொடியில் விழுந்தால் மெட்டல் டிடெக்டர் கத்தும், லைன் நின்றுவிடும்.

முதல் கார்டு வாங்கிய அன்றே அம்மா என் தலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார். “எண்ணெ வெச்சி அழுத்தி வாரினா அடங்காத முடி ஏதுடி?” என்பது அம்மாவின் கட்சி. எண்ணெயில் தொப்பி வழுக்கியதுதான் மிச்சம். இரண்டாவது கார்டுக்கு மறுநாள் சனிக்கிழமை, எங்கள் லைனில் எனக்கு மூத்த தமிழ்செல்வி அக்கா கொடுத்த ஜெல்லைத் தடவினேன். முடி படிந்தது, கற்சிலை மாதிரி. அன்றைக்குப் பார்த்து மிளகாய்த்தூள் லைன். ஓரத்தில் எட்டிப் பார்த்த முடியில் எல்லாம் தூள் ஒட்டி, மத்தியானம் வியர்வையில் கரைந்து இறங்கியது. தொப்பியைக் கழற்றினால் நெற்றியைச் சுற்றிச் செக்கச் செவேல். கண்ணெரிச்சலில் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன்.

“பேஜாரு புடிச்ச முடி. பேசாம பார்லர் போய்க்கினு வந்துரு ஜெனி” என்றார் தமிழ்செல்வி அக்கா.

போனேன். அன்று சாயங்காலமே தேரடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். தோற்றுவிட்டதாகத்தான் இருந்தது. பார்லர்காரப் பெண் என் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி போர்த்தினாள். மருந்து போடுவதற்கு முன்னால் சிக்கெடுக்க வேண்டும் என்று மெல்லிய பல் சீப்பை எடுத்து, காய்ந்த தலையில் உச்சியிலிருந்து சரசரவென்று இழுத்தாள். வெடுக் வெடுக்கென்று சத்தம். குனிந்து பார்த்தேன். வெள்ளைத் துணி மேல் கறுப்புத் துணுக்குகள். நகத்தளவு. ஒவ்வொன்றிலும் இரண்டு சுருள்.

மேடத்தின் கவருக்குள் இருந்ததும் இதேதான்.

ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். தானாக உதிரும் முடியில் ஒரு நுனியில் வெள்ளையாகப் பொட்டு மாதிரி வேர் இருக்கும். இதில் இல்லை. இரண்டு பக்கமும் அறுந்திருந்தது. என் முடி கொட்டவில்லை. ஒடிகிறது. ஒடிப்பது சீப்பு.

கம்பெனி டிரெஸ்ஸிங் ரூம் கண்ணாடி ஞாபகம் வந்தது. அதன் பக்கத்தில் ஒரு கயிற்றில் மெல்லிய பல் சீப்பு தொங்கும். மேலே மேடம் தன் கையாலேயே எழுதிய போர்டு: ‘கோட் அணிந்து, தலையை நன்றாக வாரி, பிறகு தொப்பி அணியவும்.’ தினமும் காலையில் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே வறட்டு வறட்டென்று வாரிவிட்டு, தோளில் விழுந்ததோடு உள்ளே போய்க்கொண்டிருக்கிறோம்! வாசலில் ஒட்டு உருளையை மேலே உருட்டித்தான் விடுவார்கள். ஆனால் காலர் மடிப்புக்குள் விழுந்ததை அந்த உருளை எங்கே எடுக்கும்?

“எனக்கு வேணாம்” என்று எழுந்தேன்.

“இன்னா அக்கா, பாதியில எழுந்துக்கிறீங்க?”

“இத நேராக்கறதுக்கு நான் இனிமே டைம் செலவு பண்ண மாட்டேன்மா.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீட்டுக் கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்தேன். முதலில் தலையின் வலது பாதியைக் காய்ந்தபடியே வாரினேன். வேட்டியில் முப்பத்தொரு துணுக்கு. பிறகு தலையை நனைத்து, கண்டிஷனர் தடவி, இடது பாதியை அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வாரினேன். நாலு முடி. நாலும் வேரோடு வந்த முழு முடி.

“ஊட்ட இன்னா சலூன் கடையாக்கிட்டியா?” என்று அம்மா கத்தினார்.

“யம்மா, நீ நேந்துக்கினதாலதான் இந்தப் பாடு. செத்த சும்மா இரு.”

வேட்டியை மட்டும் நானே துவைக்க வேண்டும் என்றார் அம்மா.

மீதியையும் அன்றே கண்டுபிடித்தேன். துண்டால் துவட்டினால் முடி பரட்டையாகிறது. பழைய பனியன் துணியால் அமுக்கி எடுத்தால் ஆவதில்லை. ஈரத்தில் நாலைந்து முடியாகச் சேர்த்து விரலில் சுற்றிவிட்டு, காயும் வரை கை வைக்காமல் இருந்தால் ஒவ்வொரு சுருளும் தன் வரிசையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கை வைத்தால்தான் கலகம். சுருளுவதுதான் அதன் வேலை. அதைச் செய்ய விட்டால் எலாஸ்டிக்கோடு சண்டைக்குப் போகாது.

திங்கட்கிழமை காலை நாலரைக்கு எழுந்து எல்லாவற்றையும் செய்தேன். தலையில் பனியன் துணியைக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். பெட்டியில் இருந்த பெண்கள் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்கள். நல்லதாகப் போயிற்று, ஜன்னலோரம் கிடைத்தது. டிரெஸ்ஸிங் ரூமில் தமிழ்செல்வி அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று துணியை அவிழ்த்தேன். சீப்பைத் தொடாமல் தொப்பியை மாட்டினேன். சாயங்காலம் வரை எலாஸ்டிக் நெற்றியை விட்டு அசையவில்லை.

அப்படியே ஏழு நாள் ஓடியது. தினமும் நாலரை மணி, தினமும் அக்காவின் முதுகு. திருட்டுத்தனமாகச் செய்கிறோமே என்று உறுத்தியது. ஆனால் கார்டு இல்லாமல் மாதம் முடிந்தால் பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது நாள், முப்பத்தொன்றாம் தேதி, மேடமே உருளையோடு கண்ணாடி பக்கத்தில் நின்றார். கையில் கார்டு கட்டு. ஒளிய முதுகு இல்லை.

எல்லோரும் வரிசையாக வாரினார்கள். என் முறை வந்தது. தொப்பியை எடுத்தேன்.

“ஜெனி, சீப்பு.”

“வேணாம் மேடம்.”

“வேணாமா? இன்னா இது புதுசா? போர்டு தெரியல?”

“தெரியுது மேடம். வார மாட்டேன்.”

தமிழ்செல்வி அக்கா என் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தார். மேடத்தின் முகம் சிவந்துவிட்டது.

“கடைசி நாளுன்னு பாக்குறேன். இப்ப நீ வாரலன்னா ரூல மீறினதுக்கு மூணாவது கார்டு. நாளைக்கு குடோன்.”

காது சூடேறியது. “போடுங்க மேடம். வாரினா என் முடி ஒடிஞ்சி இந்தக் கோட்டு மேலதான் வுழும். நீங்க கவர்ல வெச்சிருந்தது அப்படி வுழுந்ததுதான். எட்டு நாளா நான் வாரல, எட்டு நாளா என் முடி ஒண்ணும் கெடைக்கல. மொதல்ல என்ன உருட்டிப் பாருங்க. அப்புறம் வாரினவங்கள உருட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் எத்தினி கார்டு வேணும்னாலும் போடுங்க, வாங்கிக்கிறேன்.”

சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கையை விரித்து நின்றேன். குடோனில் பெட்டி ஒட்டுகிற பசையின் நாற்றம்கூட மூக்கில் வந்துவிட்டது.

மேடம் என் தோள், முதுகு, கை எல்லாவற்றிலும் உருட்டினார். உருளையைத் திருப்பிப் பார்த்தார். என் காலரை அவரே தூக்கி உள்ளேயும் உருட்டினார். வெறும் வெள்ளை.

அடுத்து தமிழ்செல்வி அக்கா. காலரைத் தூக்கி உருட்டியதில் நாலு முடி, நீளமாக, நேராக. அக்கா, “ஐயய்யோ, நான் இல்ல மேடம்” என்றார். அதற்கடுத்தவளிடம் இரண்டு. அதற்கடுத்தவளிடம் ஐந்து. பதின்மூன்று பேரையும் உருட்டினார். ஒருத்தியும் தப்பவில்லை.

இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் மேடத்துக்கு. காலையில் எங்களுக்கு முன்னால் வந்து, போர்டில் இருக்கிறபடி கோட்டைப் போட்டு வாரித் தொப்பிக்குள் சுற்றியிருந்தார். உருளையில் முடி ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே தன் காலரைத் தூக்கி உருட்டினார். மூன்று முடி. அதில் ஒன்று நரை.

லைன் தொடங்க வேண்டிய எட்டரை மணி அடித்தது. உருளையில் முடி வந்தால் வெள்ளைக் கோட்டை மாற்றி, மறுபடி உருட்டிச் சுத்தமான பிறகுதான் ஃபில்லிங் ரூம் வாசல் தரையில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டைத் தாண்ட வேண்டும். அந்த ரூலையும் போட்டது அவர்தான். மஞ்சள் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“ஜெனி, நீ உள்ள போ.”

“லைன் மேடம்?”

“நீயே ஆன் பண்ணு. நாளையிலருந்தும் நீதான் பண்ணணும்.” பிறகு, கொஞ்சம் கோபமாகவே, “ஏழு நாளா தெரிஞ்சிக்கினே வாய மூடிக்கினு இருந்தியே, அத அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

மஞ்சள் கோட்டைத் தாண்டினேன். பச்சைப் பட்டனை அழுத்தினேன். மெஷின் செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கண்ணாடிக் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தேன். மேடம் சீப்புக் கயிற்றின் முடிச்சை நகத்தால் அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிப் போயிருந்ததால் தமிழ்செல்வி அக்காவும் கை கொடுத்தார்.

முதல் பாக்கெட் சீல் ஆகி வந்தது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.